கடன் வாங்கிய சொல்லா, கூடப் பிறந்த மொழியா? 1816-ல் பிரித்துக் காட்டிய எல்லிஸ்

ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கடந்து போகிறீர்கள். பலகையில் 'கெடாய்'. அட, நம்ம 'கடை'தானே! கப்பலுக்கும் மலாயில் 'கப்பால்'. அப்போ தமிழும் மலாயும் சொந்தமா? இல்லை, இவை மலாய் நம்மிடம் வாங்கிய சொற்கள். கடன் வேறு, ரத்த உறவு வேறு.

இதைத் தென்னிந்திய மொழிகளில் முதலில் நிரூபித்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1777-ல் பிறந்த ஆங்கிலேயர்; 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மதராஸ் வந்தார்; 1810 முதல் அங்கே கலெக்டர். வேலை வரி வசூல், மனசோ திருக்குறளில்.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 1786-ல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியிருந்தார். இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று அங்கிருந்த அறிஞர்கள் பலர் நம்பினார்கள். தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் கொட்டிக் கிடப்பதால் நம்புவதும் சுலபம்.

எல்லிஸ் சொற்களை விட்டுவிட்டு வேர்களைப் பார்த்தார். தெலுங்கு வேர்களைச் சமஸ்கிருத வேர்களோடு வைத்தார், பொருந்தவில்லை. தமிழ், கன்னட வேர்களோடு வைத்தார், வரிசையாகப் பொருந்தின. கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்பகுதியில் 1816-ல் இது அச்சானது. பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற பண்டிதர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அவர்கள் பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒரு சொல் ஒத்துப்போனால் போதாதா? நீங்களே சோதியுங்கள். மலாயில் இரண்டு 'துவா', சமஸ்கிருதத்தில் 'த்வி'. உறவு போலவே இருக்கும். மேலே எண்ணுங்கள்: மலாயில் 'எம்பாட்', 'லீமா', சமஸ்கிருதத்தில் 'சதுர்', 'பஞ்ச'. அவ்வளவுதான், கதை முடிந்தது. 'துவா' வெறும் தற்செயல். பிலிப்பைன்ஸின் தகாலோக்கிலும் ஐந்து 'லீமா'தான். மலாயின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம்.

நாற்பது வயதுவரை பெரிதாக எதையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் தள்ளிப்போட்டதாகச் சொல்வார்கள். 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில், தவறுதலாக விஷத்தைக் குடித்து இறந்தார். வயது 41. கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி தொலைந்தது. 1856-ல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தபோது புகழ் முழுக்க அவருக்கே போனது. கால்டுவெல்லின் உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் முதல் அடி அவருடையது இல்லை.

எல்லிஸ் 1818-ல் மதராஸின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகக் கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டையில் அதற்கு வைத்த கல்வெட்டில் தமிழ்ப் பாட்டு இருக்கிறது, நடுவே ஒரு குறளும்.