கால்நடை காத்த ஆல்பிரட் லிங்கார்டு

முளா, முட்டா நதிகள் கூடும் சங்கத்தின் அருகே, இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாய் விளங்கும் பழைய கல்லூரியை நம் சங்கத்து அன்பர்கள் அறிவர். பாரத நாட்டுக் கால்நடை ஆராய்ச்சிக்குத் தொட்டில் கட்டியது அக்கல்லூரியிலேதான் என்பதை நம்முள் அறிந்தார் மிகச் சிலரே.

படைக்குதிரைகளின் பொருட்டு இந்நகரில் 1862இலேயே கால்நடை வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. குடியானவனின் எருதைப் பற்றிய கவலை பின்னரே பிறந்தது. வெக்கை நோய் மனிதரைத் தொற்றுவதன்று. ஆயினும் அது புகுந்த கிராமத்தில் தொழுவம் வெறிச்சோடும், ஏர் நிற்கும், பால் வற்றும். பின்னர்ப் பசி வந்து மனிதரையும் வாரிச் செல்லும். இதனை ஆராய்ந்த குழு 1871இல் அறிக்கை அளித்தது. ஆய்வுக்கூடம் எழவோ மேலும் 18 ஆண்டுகள் சென்றன. காரியாலயக் கோப்புகளோடு பழகிய நமக்கு இதில் வியப்பில்லை! 1889 டிசம்பர் 9ஆம் நாள் இங்கே தொடங்கப்பெற்ற அக்கூடத்தின் தலைமையை ஏற்றவரே லிங்கார்டு.

அவர் மாட்டு வைத்தியரல்லர். மனித மருத்துவம் கற்ற கிருமி ஆராய்ச்சியாளர். வெக்கையோடு, குதிரைகளை மெலிவித்துக் கொல்லும் சர்ரா நோயையும் ஆராய்ந்தார். கொடிய தொற்றுப் பொருள்களை ஜன நெருக்கமுள்ள ஊரில் வைத்திருத்தல் தகாது. வெப்பமும் இடையூறு செய்தது. எனவே 1893இல் ஆய்வுக்கூடம் குமாயூன் மலையில், சுமார் 7,500 அடி உயரத்திலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. இரயில் காத்கோதாம் மட்டுமே, அப்பால் மலைப்பாதை. கண்ணாடிக் கருவிகளுள் எத்தனை உடையாது சேர்ந்தனவோ என்பதே சரக்குப் பதிவேடு எழுதும் நமக்கு முதலில் தோன்றும் எண்ணம்.

காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் கோக் 1897இல் அங்கே வந்தார். நோயுற்ற மாட்டின் பித்தநீரைக் கொண்டு பிற மாடுகளைக் காக்கும் முறையை அவர் தென்னாப்பிரிக்காவில் கண்டிருந்தார். முக்தேசுவரத்தில் 1899 முதல் வெக்கைக்கு எதிரான சீரம் தயாராயிற்று. அதன் காப்பு சில நாட்களுக்கே எனினும், நோய் பரவிய ஊரில் அதுவே பெருந்துணை.

லிங்கார்டு 1907இல் ஓய்வு பெற்றார். நீடித்த காப்பளிக்கும் தடுப்பு மருந்து அவருக்குப் பின் வந்தோரால் அம்மலையிலேயே உருவாயிற்று. நம் இராணிப்பேட்டையிலும் 1932இல் சீரம் நிலையம் எழுந்தது. இந்தியாவில் வெக்கை நோய் இறுதியாகத் தோன்றியது 1995இல், தமிழகத்திலே. 2011இல் அஃது உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்களுள் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே.