நெருக்கத்தை அளந்த வில்லியம் ஃபார்

மூவருக்கென்று கட்டிய விடுதி அறையில் நாங்கள் ஐவர் இருக்கிறோம். ஒருவனுக்குச் சளி பிடித்தால் ஐவருக்கும் பிடிக்கிறது. புள்ளியியல் வகுப்பில் வில்லியம் ஃபார் பெயரைக் கேட்டதும் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையரைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் 1807இல் பிறந்தவர் ஃபார். ஊர்ச் செல்வர் ஒருவர் அவரை வளர்த்து ஆளாக்கினார். பாரிசிலும் லண்டனிலும் மருத்துவம் பயின்றார். 1837இல் அந்நாட்டில் பிறப்பு இறப்புகளை அரசாங்கம் பதியத் தொடங்கிற்று. அதே ஆண்டில் அவருடைய மனைவி காசநோயால் மறைந்தார். சிறிது காலத்தில் பதிவு அலுவலகத்தில் சேர்ந்தவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இறந்தோர் கணக்கோடே வாழ்ந்தார்.

கணக்கு என்றால் வெறும் கூட்டல் அன்று. இறந்தவர்களை வயது வாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் பிரித்து, ஆயுள் அட்டவணை வகுத்தார். இங்கிலாந்து முழுமைக்கும் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 40 ஆண்டு, பெண்ணுக்கு 42. ஆனால் ஊருக்கு ஊர் பாருங்கள்: சர்ரேயில் 45, லண்டனில் 37, லிவர்பூலில் 26! லிவர்பூல்வாசிகள் எல்லாரும் 26இல் மாண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி பத்து வயதைக் காணவில்லை. நெரிசல் முதலில் தொட்டிலைத்தான் தேடிப் போயிற்று.

பிற்காலத்தில் இதற்கு ஒரு சூத்திரமும் கண்டார். இறப்பு விகிதம் மக்கள் நெருக்கத்தின் 0.12 அடுக்காக உயர்கிறது என்றார். நெருக்கம் இரு மடங்கானால் இறப்பு நூற்றுக்கு ஒன்பது அளவில் கூடும். ஆயினும் நகரம் என்றாலே சாவு என்று அவர் ஒப்பவில்லை. கூட்டம் கொல்வதில்லை, கூட்டத்தின் அழுக்கே கொல்கிறது என்பது அவர் கட்சி.

சூத்திரம் அவரையே ஒருமுறை ஏமாற்றியது. 1849இல் லண்டனில் காலரா பரவியபோது, தாழ்ந்த நிலத்தில் சாவு மிகுதி, மேட்டில் குறைவு என்று கண்டு ஒரு விதி அமைத்தார். எண்கள் அழகாகப் பொருந்தின. கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரோ குடிநீரே காரணம் என்றார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா மூண்டது. ஃபார் தம் பதிவேடுகளைக் கொண்டே தேடினார். ஒரே கம்பெனியின் தண்ணீர் போன தெருக்களில் சாவு குவிந்திருந்தது. தம் பழைய கருத்தைக் கைவிட்டார். ஸ்னோ அப்போது உயிரோடு இல்லை, 1858இலேயே இறந்துவிட்டார்.

பதிவு அலுவலகத் தலைமைப் பதவி ஃபாருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவருக்குப் போயிற்று. 1880இல் விலகி, 1883இல் காலமானார்.