திருப்பாவைக்கு இசை அமைத்த அரியக்குடியார்

செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகே, தென்திருப்பதி என்று ஆஸ்திகர்கள் போற்றும் அரியக்குடியில் 1890-ஆம் ஆண்டு ராமாநுஜ ஐயங்கார் பிறந்தார். புதுக்கோட்டை மலையப்பையர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார் ஆகியோரிடம் தொடங்கிய ஸங்கீத சிக்ஷை, ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரின் குருகுலத்தில் முதிர்ந்தது. பூச்சி ஐயங்காரோ தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்யபரம்பரையில் வந்தவர். பிற்காலத்தோர் பின்பற்றும் கச்சேரி முறையை நிலைநாட்டிய அரியக்குடியாருக்கு 1938-இல் ஸங்கீத கலாநிதிப் பட்டமும், 1958-இல் பத்மபூஷண் விருதும் கிட்டின. இவை லௌகிக கீர்த்தி.

அவர் ஆண்டாளுக்குச் செய்த கைங்கர்யம் வேறு. ஸேவாகாலத்தில் கோஷ்டியார் திருப்பாவையை ராகமின்றி ஸேவிப்பதே ஸம்ப்ரதாயம். அதனை மேடையேற்றினால் மரபு குலையுமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் சந்தை சொல்லாதவர்களும், கோஷ்டியில் சேர இயலாதவர்களும் பாசுரத்தை வாயாரப் பாட வழி வேண்டுமன்றோ? ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். முதல் ஐந்திற்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளின் வரிசையே அது! குருபரம்பரைக்கு அவர் செலுத்திய வந்தனமாகவே இதனைக் கொள்ளலாம். நிறைவுப் பாசுரத்திற்குச் சுருட்டி. வித்வத்தைக் காட்ட ஸங்கதிகளை அடுக்கி, ஆண்டாளின் திருவாக்கை அவர் மறைக்கவில்லை.

1967 ஜனவரி 23 அன்று பரமபதித்தார். எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவை இசைத்தட்டுகள் வீடுதோறும் பரவின. மார்கழி விடியலில் ஸந்நிதியில் கோஷ்டி பழைய முறையிலேயே ஸேவித்திருக்க, மதிலுக்கு வெளியே ஒலிபெருக்கியில் நாட்டை ஒலிக்கலாயிற்று.