ஏழைச் சிறார்க்கு இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி

முன்னுரை

வறுமை சூழ்ந்த இடத்தில் கல்வி தழைக்காது என்பது பலர் கொண்டுள்ள எண்ணமாகும். எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளை பின்தங்குவது இயற்கையே என்று கூறி அமைதி கொள்வோரும் உளர். அவ்வெண்ணத்தைத் தம் செயலால் பொய்யாக்கியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார். இன்று நம் நகரங்களில் அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பலவும் பெருங்கட்டணம் பெறுவன. ஆயின் அவர்தம் கல்விமுறை மலர்ந்த இடமோ உரோமை நகரின் மிக வறிய குடியிருப்பாகும். அவ்வரலாற்றை அறிதல் ஆசிரியப் பணியை நாடும் மாணவர்க்குப் பெரிதும் பயன்தரும்.

பிறப்பும் கல்வியும்

அங்கோனா நகரையடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமுதாயம் விரும்பாத காலம் அது. தந்தையாரின் தயக்கத்தையும் உடன்பயின்ற ஆடவரின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு, தாயாரின் துணையால் உரோமைப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் மனநோய் மருத்துவத்துறையில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றிய சிறார்கள் மனநோயாளரோடு ஒருங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த அவலத்தைக் கண்டார். இத்தார், செகுவேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். கைக்கும் புலனுக்கும் பயிற்சி தரும் கருவிகளைக் கொண்டு அச்சிறார்க்குக் கற்பித்தார். அவருட் சிலர் பொதுப்பள்ளித் தேர்வில் ஏனைய மாணவர்க்கு நிகராகத் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, குறையேதும் இல்லாத பிள்ளைகளை அவ்வளவு தாழ்ந்த நிலையிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிகளின் குறை யாது என்று சிந்திக்கலானார்.

குழந்தைகள் இல்லம்

அச்சிந்தனைக்கு விடை காணும் வாய்ப்பு சான் லொரென்சோ என்னும் பகுதியில் வாய்த்தது. அங்குப் பாழ்பட்டுக் கிடந்த அடுக்குக் குடியிருப்புகளை ஒரு வீடமைப்புக் கழகம் செப்பனிட்டு ஏழைத் தொழிலாளர்க்கு வாடகைக்கு அளித்திருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதெய்தாச் சிறார்கள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைப் பாழ்படுத்தினர். அப்பிள்ளைகளை ஓர் அறையில் கூட்டிக் காக்குமாறு கழகத்தார் அம்மையாரை வேண்டினர். பழுதுபார்க்கச் செலவாகும் பணமே பள்ளியின் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. இவ்வாறு 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளுடன் குழந்தைகள் இல்லம் தோன்றியது. சுவரைக் காக்கத் தொடங்கிய முயற்சி மாந்தரை வளர்க்கும் முயற்சியாக மாறியது.

வெற்றியின் காரணங்கள்

இல்லம் பெற்ற வெற்றிக்குரிய காரணங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. முதலாவது, பள்ளி மக்களின் குடியிருப்புக்குள்ளேயே அமைந்தது. ஆசிரியையும் அக்கட்டடத்திலேயே வாழ்ந்தார். தாய்மார் எந்நேரமும் வந்து காணலாம் என்பதால் பள்ளி தமக்குரிய உடைமை என்னும் உணர்வு அவர்களிடம் எழுந்தது.

இரண்டாவது, பெற்றோர்க்குக் கட்டணம் இல்லை, கடமை உண்டு. பிள்ளையைத் தூய உடலோடும் தூய உடையோடும் உரிய நேரத்தில் அனுப்புதல் வேண்டும். தாய்மார் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையோடு கலந்து பேசவும் வழி செய்யப்பட்டது. தூய்மை பேணாப் பிள்ளையை நீக்கவும் விதி இருந்தது. இவ்விதி கடுமையானது என்பதில் ஐயமில்லை. தண்ணீருக்கே அல்லலுறும் குடும்பத்துப் பிள்ளையை இவ்விதிகொண்டு வெளியேற்றுதல் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் ஏழைப் பெற்றோரை இரக்கத்திற்குரியவராகக் கருதாது பொறுப்பிற்குரியவராக மதித்த நோக்கம் போற்றத்தக்கது.

மூன்றாவது, பிள்ளையின் ஆற்றலில் கொண்ட நம்பிக்கை. ஒருநாள் கருவிகள் வைத்த அலமாரி பூட்டப்படாதிருக்க, பிள்ளைகள் தாமே வேண்டியவற்றை எடுத்துப் பயிலலாயினர். அதனைக் குற்றமெனக் கொள்ளாத அம்மையார், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகளை அமைத்தார். ஆசிரியை குறைவாகப் பேசிக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறியாகும்.

எழுத்தறியாத் தாய்மார் தம் மக்களுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டிக்கொண்டனர். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகச் செய்தார் அம்மையார். சில திங்களில் அரியதொரு நிகழ்ச்சி நடந்தது. டிசம்பர் மாதத்து நாளொன்றில் மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து புகைபோக்கியை வரையுமாறு கூறினார். வரைந்து முடித்த அவன், கை, புகைபோக்கி, கூரை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொற்களைத் தரையில் தானே எழுதி ஆர்ப்பரித்தான். ஏனைய பிள்ளைகளும் அவ்வாறே எழுதத் தொடங்கினர்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

1909இல் வெளிவந்த அவரது நூல் பன்மொழிகளில் பெயர்க்கப்பட்டது. முசோலினி ஆட்சி முதலில் அவரை ஆதரித்துப் பின்னர்ப் பகைத்தது. அவர்தம் பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவர் மகன் மாரியோவைச் சிறைக்காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி, போர் முடியும்வரை ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்த அப்பெருமாட்டி, 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் மறைந்தார்.

முடிவுரை

விலையுயர்ந்த மரக்கருவிகளை வாங்கி அடுக்கினால் அது மாண்டிசோரிப் பள்ளி ஆகிவிடாது. வீட்டருகே பள்ளி, பெற்றோரைக் கைவிடாத ஆசிரியர், பெற்றோர்க்கு உரிமையும் கடமையும், பிள்ளையால் இயலும் என்னும் உறுதி ஆகியவையே சான் லொரென்சோவின் செல்வங்கள். ஏழைகளிடம் தோன்றிய அக்கல்வி ஏழைகளிடமே மீளுதல் வேண்டும். நாளை ஓர் ஊரகப் பள்ளியிலோ நகர்ப்புறக் குடிசைப் பகுதியிலோ பணியேற்கும் நம் மாணவர்கள், பின்தங்கிய பிள்ளை எனப் பதிவேட்டில் குறிக்கும் முன், பின்தங்கியது பிள்ளையா பள்ளியா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக!