ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்பது ஒரு சிற்றூர். அங்கு மாவாலை நடத்திய செல்வர் ஒருவரின் மகளாக ஜேன் ஆடம்ஸ் 1860ஆம் ஆண்டில் பிறந்தார். இரண்டாம் வயதிலேயே அன்னையை இழந்தார். இளமையில் உற்ற நோயால் முதுகும் வளைந்தது. தந்தையின் அன்பே அவரை வளர்த்தது.

1888இல் இலண்டன் மாநகர் சென்றபொழுது, கற்றறிந்த இளைஞர் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டாற்றிய டாயின்பீ இல்லத்தை அவர் கண்டார். மறு ஆண்டே எல்லன் ஸ்டார் என்னும் தோழியாருடன் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார். ஹல் இல்லம் எனப் பெயர் பெற்றது அதுவே. சுற்றிலும் இத்தாலியர், செருமானியர், உருசிய யூதர் முதலியோர் பிழைப்பு நாடி வந்து நெருங்கி வாழ்ந்தனர்.

ஆங்கு அவர் முதலில் கண்ட ஊனமுற்ற குழந்தைகள் மூவர். ஒரு குழந்தை மூன்றாம் மாடிப் பலகணியிலிருந்து விழுந்தது, ஒன்று தீயிற்பட்டது, மற்றொன்று மூன்றாண்டுகள் பகலெல்லாம் மேசைக்காலில் கட்டுண்டு கிடந்தமையால் கூனிப்போயிற்று. நண்பகலில் அதன் தமையன் அருகிலிருந்த ஆலையிலிருந்து ஓடிவந்து அவிழ்த்துவிட்டுத் தன் உணவைப் பகிர்ந்துண்பான். இதனைக் கேட்போர் பெற்றோரைக் கொடியர் என்றே பழிப்பர். அம்மையாரோ, வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பிள்ளையை ஒப்புவிக்க இடமில்லாமையைக் கண்டார். தமையனின் பரிவையும் கண்டார். குழந்தைகளைப் பகலில் பேணும் காப்பகம் ஒன்று ஹல் இல்லத்தின் சார்பில் எழுந்தது.

அவரும் ஒருகால் தவறினார். 1893ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சக் குளிர்காலத்தில், எழுத்தர் ஒருவர் குடும்பத்துக்கு உதவி நாடி வந்தார். கால்வாய் வெட்டும் வேலை இருப்பதால் அதனை முயன்ற பின்னரே உதவி கேட்கலாம் என விதிப்படி கூறி அனுப்பினார். வெளிக்குளிரில் உழைத்துப் பழகாத அம்மனிதர் இரண்டு நாள் மண் வெட்டினார். நுரையீரற் காய்ச்சல் கண்டு ஒரு வாரத்தில் மாண்டார். எஞ்சிய இரு குழந்தைகளையும் அம்மையார் பின்னர் ஒருபொழுதும் மறந்தாரல்லர். ஒரு குடும்பத்தின் நிலையை அதன் வாயிலாகவே அறியாமல் விதி வகுத்தல் எத்துணைக் கேடு என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

குடியேறியோரின் பிள்ளைகள், ஆங்கிலம் அறியாத தம் தாயரைக் கண்டு நாணினர். 1900இல் அவர் தொழிற்காட்சிச் சாலை ஒன்றைத் திறந்து, அத்தாய்மாரையே நூல் நூற்கச் செய்தார். கண்டோர் வியந்தனர். தாயுடன் ஒரே வாயிலில் நுழையவும் கூசிய ஓர் இத்தாலியச் சிறுமி, அதன்பின் அவளுடன் சேர்ந்தே வந்தாள்.

1899இல் சிகாகோவில் சிறுவர் நீதிமன்றம் அமைந்தது. அமெரிக்காவில் அதுவே முதலாவது. அதற்கு ஹல் இல்ல மகளிர் பெரிதும் உழைத்தனர். 1909இல் வாசிங்டனில் கூடிய குழந்தைகள் நல மாநாட்டில் அம்மையாரும் கலந்துகொண்டார். வறுமை ஒன்றே காரணமாகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல் தகாது என அம்மாநாடு முடிவு செய்தது. ஈராண்டில், பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்கப் பெற்றோர்க்குப் பொருளுதவும் சட்டம் இல்லினாயில் பிறந்தது.

1931இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1935ஆம் ஆண்டு மே திங்கள் 21ஆம் நாள் அம்மையார் மறைந்தார். சீடர்வில்லிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.