மோட்டார் சைக்கிளில் போன நடிகர் மகன் திரும்பவே இல்லை

கத்திச்சண்டை நடிகர் எரால் பிளின்னைத் தெரியாத பழைய இங்கிலீஷ் பட ரசிகர் இருக்க மாட்டார். "கேப்டன் பிளட்" (1935), "ராபின் ஹூட்" (1938) படங்களில் தாவிக் குதித்துச் சண்டை போட்ட ஹாலிவுட் நட்சத்திரம் அவர்.

அவருடைய ஒரே மகன் ஷான் பிளின். அவரும் நடிகர்தான். 28 வயதில் கம்போடியா நாட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனவர் மாயமாகி விட்டார். பிணம்கூட கிடைக்கவில்லை.

தாயார் வளர்த்த பிள்ளை

ஷான் 1941 மே 31-ந் தேதி லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் பிறந்தார். தாயார் லில்லி டமிட்டா பிரான்ஸ் நாட்டு நடிகை. கல்யாணம் நடந்த 1935-ல் புருஷனைவிட அவருக்குத்தான் பேர் அதிகம்.

1942-ல் விவாகரத்து ஆயிற்று. பிள்ளையைத் தாயார் வைத்துக்கொண்டார். புளோரிடா மாநிலம் பாம் பீச்சில் ஷான் வளர்ந்தார். தகப்பனார் எப்போதாவது வந்து பார்ப்பதோடு சரி. ஜீவனாம்சப் பணம் சம்பந்தமாக இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் தகராறு வேறு.

1959 அக்டோபர் 14-ந் தேதி எரால் பிளின் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு வயது 50. மகனுக்கு 18.

அப்பா முகம்

ஷான் ஆறடிக்கு மேல் உயரம். அப்பாவை உரித்து வைத்த முகம். சினிமாக்காரர்கள் சும்மா விடுவார்களா?

டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்க வந்தார். "கேப்டன் பிளட்டின் மகன்" என்றே பெயர் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்பாவின் படத்தில் வேலை பார்த்த ஹாரி ஜோ பிரவுன்தான் இதற்கும் தயாரிப்பாளர். அப்பா போட்ட வேஷத்துக்கு மகனாக நிஜ மகனே நடித்தார். இதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்? 1962-ல் படம் வந்தது.

அப்புறம் ஐரோப்பாவில் சில படங்கள். சோரோ கதை ஒன்று, இந்தியாவில் நடப்பதாக வெள்ளை யானைக் கோவில் கதை ஒன்று. எதுவும் அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கவில்லை. அப்பா பெயரை வைத்து வந்த வேலை, அப்பா பெயரோடேயே நின்றுவிட்டது.

அவருக்கும் சினிமா சலித்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போய் வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். 1966-ல் சிங்கப்பூரில் எடுத்த பிரெஞ்சுப் படம்தான் அவர் கடைசியாக நடித்தது.

கையில் காமிரா

அந்த 1966-ம் வருஷம் ஜனவரியிலேயே அவர் வியட்நாம் போய்விட்டார். கையில் காமிரா. பிரான்சில் வெளியாகும் "பாரி மாட்ச்" பத்திரிகைக்குப் போர்ப் படங்கள் எடுத்து அனுப்பினார்.

நடிகர் மகன் போஸ் கொடுக்க வந்திருக்கிறார் என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. மார்ச் மாதமே முழங்காலில் காயம் பட்டது. டிசம்பரில் அமெரிக்கப் பட்டாளத்தோடு பாராசூட்டில் குதித்தார். 1967-ல் அரபு-இஸ்ரேல் சண்டையைப் படம் பிடிக்கப் போனார். 1968-ல் மறுபடியும் வியட்நாம். இந்த வேலையில் யாரும் அவரிடம் அப்பாவின் முகத்தைக் கேட்கவில்லை. படம் நன்றாக இருந்தால் வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 6

1970 மார்ச் மாதம் கம்போடியாவில் இளவரசர் சிகானூக் ஆட்சி கவிழ்ந்தது. வியட்நாம் சண்டை அங்கேயும் பரவியது. பத்திரிகைக்காரர்கள் தலைநகர் புனோம்பென்னில் வந்து குவிந்தார்கள். ஷானும் "டைம்" பத்திரிகைக்காக வந்தார். கூட்டாளி டேனா ஸ்டோன், சி.பி.எஸ். டெலிவிஷன் காமிராமேன்.

மற்ற நிருபர்கள் காரில் போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாடகை மோட்டார் சைக்கிள்களில் போனார்கள். ஏப்ரல் 6-ந் தேதி சைகோன் போகும் 1-ம் நம்பர் ரோட்டில், சி பூ என்ற ஊர்ப் பக்கம், கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் ரோட்டை மறித்திருந்தார்கள். அது தெரிந்தேதான் இருவரும் வண்டியை விட்டார்கள். போனதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கம்போடியாவில் இருபதுக்கும் மேற்பட்ட பத்திரிகைக்காரர்கள் செத்தார்கள், அல்லது காணாமல் போனார்கள்.

தேடிய தாயார்

மகனைக் கண்டுபிடிக்க லில்லி டமிட்டா பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார். ஆட்களை அனுப்பித் தேடினார். பலன் இல்லை. 1984-ல், 14 வருஷம் கழித்து, ஷான் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1994-ல் தாயாரும் காலமானார்.

நண்பரும் போட்டோகிராபருமான டிம் பேஜ் கம்போடியா கிராமங்களில் நேரில் போய் விசாரித்தார். கெரில்லாக்கள் இருவரையும் கெமர் ரூஜ் கூட்டத்திடம் ஒப்படைத்தார்கள், ஒரு வருஷம் போல உயிரோடு இருந்தார்கள், 1971-ல் கொல்லப்பட்டார்கள் என்பது விசாரித்தவர்கள் வந்த முடிவு. வாய்ச்சாட்சி உண்டு. தடயம் இல்லை.

2010-ல் கம்போடியாவில் ஓர் இடத்தில் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. ஷான் கிடைத்துவிட்டார் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மரபணு சோதனை செய்து பார்த்தார்கள். அது ஷான் இல்லை. கடைசிவரை நண்பரை மறக்காத டிம் பேஜும் 2022-ல் இறந்துவிட்டார்.