அடிமையாய்ப் பிறந்த பத்திராதிபர்

மனிதனுடைய வளர்ச்சிக்கு எல்லை வகுப்போர் இருதிறத்தார். பகைவர் ஒரு திறத்தார். நண்பர் மற்றொரு திறத்தார். பகைவர் இட்ட வேலியைத் தாண்டினோர் சரித்திரத்தில் பலருளர். நண்பர் அன்புடன் வகுத்த எல்லையையும் தாண்டினோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க தேசத்துப் பிரெடரிக் டக்ளஸ்.

டக்ளஸ் 1818-ஆம் வருஷத்தில் மேரிலாந்து மாகாணத்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தார். தாம் பிறந்த தேதியை அவர் கடைசிவரை அறியார். தாயின் முகத்தைக் கண்டதும் சில முறையே. எட்டு வயதளவில் பால்டிமோர் நகரத்தில் ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டு ஊழியத்திற்கு அனுப்பப்பெற்றார். அவ்வீட்டு அம்மையார் இரக்கங்கொண்டு சிறுவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அதைக் கண்டு வெகுண்டு தடுத்தார். எழுத்தறிந்தவன் அடிமையாய் அடங்கியிரான் என்பது அவர் வாதம். சிறுவரின் செவியில் அவ்வாதம் விழுந்தது. எஜமானர் எதைக் கொடுக்க அஞ்சுகிறாரோ, அதிலேயே தம் விடுதலை இருக்கிறதென்று அக்கணமே அவர் தெளிந்தார்.

அதன்பின் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துச் சென்று, தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவருக்கு அளித்து, அதற்கு ஈடாகப் பாடம் பெற்றார். கப்பல் கட்டும் துறையில் தச்சர் மரங்களிற் குறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினார். சம்பாதித்த 50 சென்டைக் கொடுத்துப் பிரசங்கத் திரட்டு ஒன்றை வாங்கினார். ஆனால் கல்வி முதலில் அவருக்கு வேதனையையே தந்தது. தமது நிலையின் இழிவு கண்ணுக்குத் தெரிந்தது. அதனின்று மீளும் வழியோ தெரியவில்லை.

அறிவுக்குத் துணையாகத் தைரியம் வந்தது 1834-இல். அடிமைகளை அடித்து அடக்குவதிற் பேர்பெற்ற கோவி என்பவனிடம் அவ்வாண்டு அவர் விடப்பட்டார். ஆறு மாதம் சவுக்கடி பட்டார். ஒரு நாள் எதிர்த்து நின்று, இரண்டு மணி நேரமளவு மல்லாடினார். பின்னர் கோவி அவர்மீது சவுக்கை ஓங்கவேயில்லை. 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி, மாலுமி வேடம் பூண்டு, பிறரிடம் இரவல் பெற்ற சான்றுப் பத்திரத்துடன் ரயிலேறி வடக்கே தப்பிச் சென்றார்.

1841 முதல், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட காரிஸன் முதலிய வெள்ளையருடன் சேர்ந்து ஊர்தோறும் பிரசங்கித்தார். இங்கேதான் இரண்டாம் வேலி எதிர்ப்பட்டது. பட்ட துன்பத்தை மட்டும் அவர் சொன்னாற் போதும், தத்துவ விசாரணையைத் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பது அந்நண்பரின் எண்ணம். இவ்வளவு திருத்தமாகப் பேசினால் அடிமையாயிருந்தவரென்று எவர் நம்புவரென, பேச்சில் சற்றுக் கொச்சை கலக்கவும் யோசனை கூறினர். டக்ளஸ் இணங்கவில்லை. பிடிபடும் அபாயத்தையும் பாராது, எஜமானரின் பெயரை வெளியிட்டு 1845-இல் தமது சரிதத்தை அச்சிட்டார். பின்பு ஐயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்குள்ள அன்பர்கள் 150 பவுன் கொடுத்து அவர் விடுதலையைச் சட்டப்படி வாங்கினர்.

திரும்பியதும் சொந்தப் பத்திரிகை நடத்த விரும்பினார். அது பிரசங்க வேலைக்கு இடையூறாகுமென்று பழைய நண்பர் தடுத்தனர். காரிஸனின் பத்திரிகையைப் படித்துத் தேர்ந்தவரே டக்ளஸ்; அந்த நன்றியை அவர் மறந்தவரல்லர். ஆயினும் 1847 டிசம்பரில் ராசெஸ்டர் நகரத்தில் ‘நார்த் ஸ்டார்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு இரவில் வழிகாட்டிய துருவ நட்சத்திரத்தின் பெயர் அது. மறு ஆண்டு ஸெனெகா பால்ஸில் கூடிய மாதர் மகாநாட்டில், பெண்களுக்கு வோட்டுரிமை கோரும் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரரைப் படைக்குத் திரட்டினார். தம் புதல்வருள் இருவரை அனுப்பினார். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1895 பிப்ரவரி 20-ஆம் தேதி, மாதர் சங்கக் கூட்டமொன்றிலிருந்து வீடு திரும்பிய சில மணி நேரத்தில் உயிர் நீத்தார்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட நேயர்கள் இச்சரிதத்தின் நடுப்பகுதியை ஊன்றி எண்ண வேண்டும். துன்புற்றவனை மேடையேற்றி அவன் தழும்புகளைக் காட்டுவது எளிது. அவன் புத்திக்கும் அம்மேடையில் இடமளிப்பது அரிது. சிறுமைப்பட்டவன் தன் அறிவால் சிந்தித்து, தன் பெயரால் எழுதி, வேண்டுமிடத்தில் நம்மையே மறுத்துரைக்கும் நாளில்தான் அவன் முழு மனிதனாகிறான். அந்நாளைக் கண்டு மனம் சுளிக்கும் இயக்கம் விடுதலை இயக்கமாகாது.